லட்சியமா, கணக்கா? விருத்தாசலம் சொல்லும் பாடம்

தேர்தல் வந்துவிட்டால் கட்சிக் காரியாலயங்களில் இரண்டு கோஷ்டிகள் கிளம்பிவிடுகின்றன. "தனித்து நில், தோற்றாலும் லட்சியம் கெடாது" என்கிறது ஒரு கோஷ்டி. "முதலில் ஜெயி, லட்சியத்தைப் பிறகு பார்க்கலாம்" என்கிறது மற்றொன்று. கணக்குப் போட்டுத் தருவதற்குச் சம்பளம் வாங்கும் கம்பெனிகளும் இப்போது வந்துவிட்டன. 2020-ல் தி.மு.க. ஐ-பேக் நிறுவனத்தை அமர்த்தியது நாடறிந்த விஷயம்.

இந்தச் சண்டையில் மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் என்ன லாபம்? விருத்தாசலத்தைக் கேளுங்கள். இந்த இரண்டு வைத்தியங்களையும் பார்த்துவிட்ட ஊர் அது.

2005 செப்டம்பரில் நடிகர் விஜயகாந்த் மதுரையில் தே.மு.தி.க.வைத் துவக்கினார். எந்தக் கட்சியோடும் சேரமாட்டேன், ஜனங்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டு என்றார். 2006 தேர்தலில் 232 தொகுதிகளில் ஆள் நிறுத்தினார். கிடைத்தது ஒரே ஒரு ஸ்தானம். அது அவர் நின்ற விருத்தாசலம். பா.ம.க.வைத் தோற்கடித்து ஜனங்கள் அவரை அனுப்பினார்கள். அந்த ஜனங்களை நாம் குறை கூறமாட்டோம். பெரிய கட்சிகளிடம் மாறி மாறி ஏமாந்தவர்கள் வேறொரு கதவைத் தட்டியது நியாயமே.

2009 பார்லிமெண்டுத் தேர்தலிலும் தனித்தே நின்றார். நூற்றுக்குப் பத்து ஓட்டு வந்தது. ஸ்தானம் ஒன்றும் வரவில்லை. கணக்குக் கோஷ்டியின் கை ஓங்கியது. 2011-ல் அண்ணா தி.மு.க.வோடு உடன்பாடு கண்டார்கள். 41 தொகுதிகளில் நின்று 29-ல் ஜெயித்தார்கள். விருத்தாசலத்தை விட்டு ரிஷிவந்தியத்தில் நின்ற விஜயகாந்த், 23 ஸ்தானம் பெற்ற தி.மு.க.வைப் பின்னுக்குத் தள்ளி எதிர்க்கட்சித் தலைவரானார்.

கணக்கு ஜெயித்துவிட்டதாம்! எத்தனை நாள் ஜெயித்தது? அதே ஆண்டு நவம்பரில் ஆவின் பால் லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசு ஏறியது. பஸ் கட்டணமும் ஏறியது. 2012 பிப்ரவரி 1-ந் தேதி சட்டமன்றத்தில் இதே விஷயத்தில் இரு கட்சிகளும் மோதின, உறவு அறுந்தது. எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராகக் கழன்றனர். 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போயிற்று.

பிறகு நடந்தது என்ன? 2014-ல் பாரதீய ஜனதாவோடு கூட்டு. நின்ற 14 தொகுதிகளிலும் தோல்வி. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு உடன்பாடு. ஒரு ஸ்தானமும் இல்லை. 2021-ல் தொகுதி எண்ணிக்கைத் தகராறில் அண்ணா தி.மு.க.வை விட்டு அ.ம.மு.க.வோடு சேர்ந்தார்கள். அந்தத் தேர்தலில் விருத்தாசலத்திலேயே பிரேமலதா மூன்றாம் இடத்துக்குப் போனார். 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தைத் தனிப்படத் தூற்றுவது நமது நோக்கமல்ல. அந்தக் கட்சிக்கு நேர்ந்ததற்குக் காரணம் எது என்பதே கேள்வி.

தனித்து நின்றதால் கெட்டது என்பான் கணக்குக்காரன். கூட்டுச் சேர்ந்ததால் கெட்டது என்பான் லட்சியவாதி. இருவர் சொல்வதும் தவறு. தனித்து நிற்பது ஒரு கொள்கையாகுமா? யாருக்காக நிற்கிறாய் என்பதல்லவா கொள்கை! நெய்வேலிக் களிமண்ணை நம்பி எழுந்த விருத்தாசலம் செராமிக் தொழிலில் அகலும் பொம்மையும் வார்த்தெடுக்கும் தொழிலாளிக்கு என்ன கூலி? முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? இதற்குப் பதில் இல்லாத தனிமை வெறும் வீறாப்பு.

கூட்டணியின் கதையும் இதுவே. 41 என்ற எண் ஊருக்கெல்லாம் தெரிந்தது. பால் விலை, பஸ் கட்டணம் பற்றி இரு கட்சிகளும் என்ன முடிவு செய்தன என்பது எந்த ஓட்டருக்குத் தெரியும்? எண்ணை மட்டும் பேசிக் கட்டிய உறவு, விலைவாசி என்ற முதல் அடியிலேயே உடைந்தது.

"நீங்களும் 2011-ல் அதே அணியில் இருந்தீர்களே, 2016-லும் இருந்தீர்களே!" என்று நம்மைக் கேட்பார்கள். ஆம், இருந்தோம். கூட்டணியே பாவம் என்று நாம் என்றும் சொன்னதில்லை. 'இடதுசாரி கம்யூனிசம்' என்ற நூலில் 1920-லேயே லெனின் இதை விளக்கினார். வழிமறித்த கொள்ளைக்காரனிடம் உயிர் பிழைக்கப் பணத்தைக் கொடுப்பவன் ஒருவன். கொள்ளையில் பங்கு கேட்டுக் கொடுப்பவன் இன்னொருவன். இருவரும் செய்தது சமரசமே. ஆனால் இருவரும் ஒன்றா?

வியாதி புதிதல்ல. விருத்தாசலம் அன்று சேர்ந்திருந்த தென்னாற்காடு ஜில்லாவில் நடந்ததை நினைவூட்டுகிறோம். 1952 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களும், வடாற்காடு பக்கத்தில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களும் பெற்றன. 375 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்கு 152 பேரே இருந்தார்கள். கம்யூனிஸ்டுகள் 62 பேர் எதிரே இருந்தார்கள். நாயக்கர் அப்போதே ராஜாஜி மந்திரி சபையில் சேர்ந்தார். படையாட்சியார் 1954-ல் காமராஜ் மந்திரி சபையில் சேர்ந்தார். காங்கிரசை எதிர்த்து வாங்கிய ஓட்டு காங்கிரசையே தூக்கி நிறுத்தியது! வெயிலில் நின்று அந்த ஓட்டைப் போட்டவனை யார் கேட்டார்கள்?

ஆகவே தோழர்களே, அவர்களுடைய சண்டையில் கட்சி சேராதீர்கள். தனித்து வருபவரானாலும் கூட்டோடு வருபவரானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் கூலிக்கும் வேலைக்கும் மனைப் பட்டாவுக்கும் என்ன செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? அதைப் பகிரங்கக் கூட்டத்தில் படிப்பீர்களா? கூட்டாளி மீறினால், பதவியை விட்டு எங்களோடு தெருவுக்கு வருவீர்களா?

ஒருவர் தனியாகக் கேட்டால் சிரித்துக் கைகூப்பிவிட்டுப் போய்விடுவார்கள். சங்கத்தின் பேரால், கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அவர்கள் திரும்பி வரும்போது அந்தக் காகிதம் நம் கையில் இருக்கட்டும்.