மஞ்சள் கெட்டிலுக்கு ஒரு வக்காலத்து

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)

டர்போ காலத்து பார்முலா ஒன் கார்களிலே சிறந்தது எது என்று நம் ஹாஸ்டலில் கார் பைத்தியம் பிடித்த எவனைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 1988-ம் ஆண்டின் மெக்லாரன் எம்.பி.4/4! அந்த வருஷம் நடந்த 16 பந்தயங்களில் 15-ல் அதுவே ஜெயித்தது. மிச்சமிருந்த மான்ஸா பந்தயத்திலும் சென்னாதான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். முடிய இரண்டு சுற்று இருக்கும்போது, பின்தங்கிய வண்டி ஒன்றோடு உரசி நின்றுபோனார். இத்தனை மார்க் வாங்கிய காரை யார் குறை சொல்ல முடியும்? நானும் சொல்லவில்லை. ஆனால் என் ஓட்டு அதற்கு இல்லை. தன் ஆயுள் முழுக்க ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல், மொத்தமே 3 புள்ளி எடுத்த ரெனால்ட் ஆர்.எஸ்.01-க்குத்தான் என் ஓட்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

1966-ல் வந்த விதி இது: சாதாரணமாகக் காற்றை இழுக்கும் எஞ்சின் என்றால் 3 லிட்டர் வரை போகலாம், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் எஞ்சின் என்றால் 1.5 லிட்டர்தான். சரிபாதி! இந்தப் பாதியை நம்பி யார் இறங்குவார்கள்? பத்து வருஷத்துக்கு மேல் அந்த வாசல் சும்மாவே கிடந்தது. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. 1967-ல் ஹாலந்தின் ஸான்ட்வோர்ட்டில், ஓடிய முதல் பந்தயத்திலேயே ஜெயித்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ற 3 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். இங்கிலாந்து டீம்கள் பெரும்பாலும் அதைத்தான் மாட்டி ஓட்டின.

பிரான்ஸின் ரெனால்ட் அந்தச் சின்ன வாசலில் நுழைந்தது. ஏன் நுழையலாம் என்பதை நம் ஹீட் பேலன்ஸ் ஷீட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். எரிபொருள் கொடுத்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாக வீணாகப் போகிறது என்று நாமே எழுதுகிறோம். எழுதி, அடிக்கோடு போட்டு, அடுத்த பக்கம் திருப்பிவிடுகிறோம். டர்போ அந்த வரியிலிருந்துதான் திருடுகிறது. வெளியே போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் எரிபொருள் கூடும், சக்தியும் கூடும். கேட்க எவ்வளவு சுலபம்!

ஆனால் சைக்கிள் பம்ப் அடித்தவனுக்குத் தெரியும், காற்றை அழுத்தினால் சுடும். சுடுகாற்று உள்ளே போனால் எரிபொருள் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும். அதனால் நடுவில் இன்டர்கூலர் வைத்துக் குளிரவைக்க வேண்டும். அடுத்த தலைவலி, தாமதம். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் புகை வந்து, சக்கரம் வேகம் பிடித்து, காற்று அழுந்துகிற வரைக்கும் ஒன்றுமே நடக்காது. அப்புறம் மொத்தமும் ஒரேயடியாக வந்து முதுகில் குத்தும். வளைவு முடியும் முன்பே, வரப்போகிற சக்திக்காக இப்போதே மிதித்து வைக்க வேண்டும். இதையெல்லாம் ரோட்டில் பழகிய மனுஷர் ழான் பியர் ஜபூய். எஞ்சின் பக்கத்தில் டர்போவோடு மல்லுக்கட்டியவர் பெர்னார் டூடோ.

1977 ஜூலை 16, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். மஞ்சள் கலர் கார் 21-வது இடத்தில் நின்று கிளம்பி, 16 சுற்றோடு டர்போ கோளாறில் படுத்துவிட்டது. அதே பந்தயத்தில்தான் மிஷலின் கம்பெனியின் ரேடியல் டயரும் முதல்முறை பார்முலா ஒன்னுக்கு வந்தது, அதுவும் இதே காரில்! ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று லேபில் சொல்லித் தருகிறார்கள். இவர்கள் இரண்டையும் சேர்த்து மாற்றினார்கள். அந்த வருஷம் நான்கு பந்தயங்களில் கிளம்பினார்கள். நான்கிலும் பாதி வழியில் நின்றுபோனது. கனடாவில் கிளம்புகிற தகுதிகூடக் கிடைக்கவில்லை. அதற்கு 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பெயர் விழுந்தது. வைத்தவர் கென் டிரல் என்பார்கள். உலக சாம்பியன் டீமுக்குச் சொந்தக்காரர், அவர் கிண்டலடித்தால் ஊரே சிரிக்காதா?

1978 அக்டோபரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில் நான்காம் இடம். அதுதான் நான் சொன்ன 3 புள்ளி. 1979 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் ஜபூய் எல்லோரையும் விட வேகமான நேரம் போட்டு முதல் இடத்தில் நின்றார். அந்த ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் மற்ற எஞ்சின்களுக்கு மூச்சு வாங்கியது. அழுத்திக் குடிக்கிற டர்போவுக்கு அந்தக் கவலை குறைவு. பந்தயத்தை என்னவோ முடிக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் சிரிப்பு நின்றிருக்க வேண்டும்.

அந்த வருஷமே பெரிய டர்போ ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டர்போ இரண்டு, சிலிண்டர் வரிசைக்கு ஒன்றாக, மாட்டினார்கள். சின்னச் சக்கரம் சீக்கிரம் சுற்றும், தாமதம் குறையும். நாம் மெக்கானிக்ஸ் பேப்பரில் மனப்பாடம் செய்கிற இனர்ஷியாதான்! 1979 ஜூலை 1, பிரான்ஸின் டிஜான். ஆர்.எஸ்.10 என்ற புதுக்காரில் ஜபூய் ஜெயித்தார். டர்போவின் முதல் வெற்றி. ஆனால் இன்றைக்கும் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டாம் இடத்துக்கு வில்நெவும் ஆர்னூவும் சக்கரத்தோடு சக்கரம் இடித்துச் சண்டை போட்டதைத்தான் பேசுவார்கள். பாவம் ஜபூய்! 2023-ல் அவர் காலமானார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெராரி வந்தது, பி.எம்.டபிள்யூ. வந்தது, ஹோண்டா வந்தது. 1983-ல் ரெனால்ட்டின் பிராஸ்ட்டை 2 புள்ளி வித்தியாசத்தில் முந்தி, பிரபாம் பி.எம்.டபிள்யூ. டர்போவில் பிக்கே பட்டம் வாங்கினார். வழி போட்டவனுக்கு அந்த டர்போ காலத்தில் பட்டமே கிடைக்கவில்லை. 1985-ல் கென் டிரலே தன் காரில் ரெனால்ட் டர்போ எஞ்சினை மாட்டினார். அப்போது கெட்டிலைப் பற்றி யாராவது அவரிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்! 1988-க்குப் பிறகு டர்போவுக்குத் தடை, 2014-ல் 1.6 லிட்டர் வி6 ஆகத் திரும்பி வந்தது.

இந்தக் கதையைச் சொன்னால், "பார்த்தாயா தம்பி, தோல்விதான் வெற்றிக்கு முதல் படி" என்பார்கள். நம் ஒர்க்‌ஷாப் சுவரிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் படிக்கு யார் கூலி கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ரெனால்ட் அன்றைக்கு பிரெஞ்சு அரசாங்கத்தின் கம்பெனி. ரோட்டில் விற்ற கார் பணம் பின்னால் இருந்தது. இரண்டு வருஷம் புகை விட்டாலும் சம்பளம் வந்தது. அதே வேலையைச் சொந்தக் காசில் டீம் நடத்துகிற ஒருவர் செய்திருந்தால் மூன்றாவது பந்தயத்திலேயே கடையைக் கட்டியிருப்பார். அப்படிப் பார்த்தால் டிரல் சிரித்ததிலும் நியாயம் உண்டு. ஜெயிக்கிற எஞ்சினை விட்டு உடைகிற எஞ்சினுக்குப் போக அவருக்கு வழி ஏது?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் ஒரு பேப்பர் அரியர் என்றால் அது 'அனுபவம்' ஆகாது. திரும்பக் கட்ட வேண்டிய பீஸ், அம்மா சீட்டு எடுக்க வேண்டிய மாசம், "போதும்டா, வேலைக்கு வா" என்று மாமா சொல்லப்போகும் ஒரு சாயந்திரம். நம்மில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. அதனால்தான் லேபில் வந்த ரீடிங்கை யாரும் நம்புவதில்லை. வரவேண்டிய ரீடிங்கை எழுதுகிறோம். ஹீட் பேலன்ஸ் ஷீட்டின் கடைசி வரி 'கணக்கில் வராத வெப்பம்'. பத்து ரெக்கார்டைப் புரட்டுங்கள், பத்திலும் அதே எண்! வேறு எண் வந்தவன் முட்டாள் இல்லை. ஆனால் மார்க் போகுமே என்ற பயத்தில் அவனும் அழித்து எழுதுகிறான். பையன்களைத் திட்டி இது மாறாது. உடைந்தால் மார்க் குறையாத ஒரு இடம் வேண்டும். ரெனால்ட்காரர்களுக்கு இருந்தது, ஜபூய்க்கு இருந்தது. நமக்கு இருப்பது 'தொடாதே' போர்டு மாட்டிய ஒரே ஒரு எஞ்சின்.

பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த வருஷம் ஆண்டு விழா மேடைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் டீசல் எஞ்சின் ஒன்றும், லாரியில் கழற்றிய டர்போ ஒன்றும் வாங்கிப் போடுங்கள். ரெக்கார்டு வேண்டாம், மார்க் வேண்டாம். யாராவது ஒரு சார் பாதுகாப்புக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கழற்றுவோம், மாட்டுவோம், எது ஏன் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அடுத்து வருகிற ஜூனியர் அதிலிருந்து ஆரம்பிக்கட்டும். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் உடைந்த பெஞ்சுகளைத் தவிர ஒன்றும் இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.