மூச்சு வாங்குகிறவரை அளவாக வைத்துக் கட்டுங்கள்: ஊரிகத்தில் வரவிருக்கும் அலுவலகங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

2001 மார்ச் முதல் நாளோடு கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று பூட்டிய கட்டடங்களில் பல, தங்கவயலின் ஒரு பகுதியான ஊரிகத்தில் இன்னும் பூட்டியே கிடக்கின்றன. கருங்கல் சுவர், உயர்ந்த கூரை, அகலமான வாசல் என்று நன்றாகக் கட்டிய கட்டடங்கள் அவை. தங்கவயல் தனி வட்டமாகிவிட்டது. அரசு அலுவலகங்கள் இடம் தேடுகின்றன. சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் தொழிற்பேட்டை வரும், பெங்களூர் கம்பெனிகள் கிளை போடும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக நடக்கிறது. அலுவலகங்கள் வரட்டும், வரவேண்டும். அவை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. வரைபடம் முடிந்தபின் சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களும், கணவரைத் தூசு நோய்க்குக் கொடுத்த பெண்களும், இயந்திரங்கள் செய்யும் பெமல் ஆலையில் வேலை செய்கிறவர்களும், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போகிற பிள்ளைகளும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய ஒரே லைன் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்வது எங்களுக்குப் புதிதல்ல. ஒரே அலுவலகத்துக்குள் மூன்று தலைமுறை வந்து போவதும் அப்படித்தான். மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவரும் அறுபதில் ஓய்வுபெறப் போகிறவரும் அடுத்தடுத்து உட்கார்கிறார்கள். மேசைக்கு முன்னால் எண்பது வயதுக்காரர் உயிர்ச்சான்று கொடுக்க நிற்கிறார்.

இத்தனை பேருக்கும் ஒரு கட்டடம் என்றால், யாருடைய உடம்பை அளவாக வைத்துக் கட்டுவது?

சிலிக்கோசிஸ் என்னும் தூசு நோய் வந்த நுரையீரலோடு படியேறுகிற முதியவரைத்தான் அளவாக வைக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அவர் களைக்காமல் உள்ளே வந்து, காதில் விழும்படி பேச்சைக் கேட்டு, காகிதத்தைப் படித்து, கையெழுத்திட்டுத் திரும்ப முடிந்தால், அந்தக் கட்டடம் மற்ற எல்லோருக்கும் பொருந்தும். இளைஞனை அளவாக வைத்துக் கட்டியது முதியவருக்குப் பொருந்துவதில்லை.

இந்த ஊரின் அனுபவமே எங்களை இப்படிப் பேச வைக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 பாகை செல்சியசுக்கும் மேல். அங்கே மனிதன் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகக் குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினார்கள். இயந்திரங்கள் ஓட வேண்டும் என்பதற்காக 1902இலேயே சிவசமுத்திரத்தில் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. திறமையோ பணமோ இல்லாமல் போன இடமல்ல இது. ஆனால் 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. பாறைக்கும் இயந்திரத்துக்கும் பார்த்த கணக்கைத் தொழிலாளியின் மூச்சுக்குப் பார்க்கவில்லை. அந்தப் பிழையின் விலையை இன்றும் எங்கள் லைன்களில் இரவு முழுக்கக் கேட்கும் இருமல் சொல்லும். இரண்டாம் முறையும் அதே பிழையோடு ஒரு பணியிடம் இங்கே வரக்கூடாது.

முதலில் காற்று. ஆடி மாதம் ஊரிகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: சயனைடு மேட்டிலிருந்து எழும் வெண்புழுதி கதவிடுக்கு வழியாக வந்து சோற்றுத் தட்டில்கூடப் படியும். பொன் பிரித்தபின் கொட்டிய அந்த மண்மேடுகள் 13. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி மிச்சப் பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்திருக்கிறது. தோண்டினால் புழுதி கூடும். ஆகவே இங்கே ஓர் அலுவலகத்துக்கு இடம் பார்க்கிறவர் சாலையையும் நிலத்தின் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், மேடு எந்தத் திசையில் இருக்கிறது, ஆடிக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மேட்டைப் பார்த்த சுவரில் திறக்கும் சன்னல் வேண்டாம். எதிர்ப்பக்கம் பெரிய சன்னல்கள் இருக்கட்டும். இடையில் வேம்பும் புங்கனும் நெருக்கமாக வளரட்டும். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய காரியம்தான். ஆனால் உலர்ந்த தரையைப் பெருக்கும்போது எழும் தூசு, நோயாளியின் நெஞ்சில் மட்டும் இறங்குவதில்லை. அன்றாடம் பெருக்குகிற பெண்ணின் நெஞ்சிலும், பக்கத்து மேசை இளைஞனின் நெஞ்சிலும் இறங்குகிறது. பூட்டிக்கிடந்த பழைய கட்டடங்களைத் திறக்கும்போது முதல் செலவு தூசு நீக்கத்துக்குத்தான் இருக்க வேண்டும். பெயின்ட் அதற்குப் பிறகு. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், அதை முறைப்படி அகற்றாமல் ஒருவரைக்கூட உள்ளே உட்கார வைக்கக்கூடாது.

கண்ணாடிப் பெட்டி போல நான்கு பக்கமும் அடைத்துக் குளிர்சாதனம் ஓடும் கட்டடம் எங்கள் ஊருக்கு வேண்டாம். நெஞ்சுச் சளி உள்ளவருக்குக் குளிர்காற்று ஆகாது. மின்சாரம் நின்றால் யாருக்குமே ஆகாது. உயர்ந்த கூரையும் மேல்சாளரமும் உள்ள பழைய கட்டடங்களில் சூடு மேலே போய்விடும், மின்விசிறி போதும்.

அடுத்தது படி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் அணுகத்தக்கவையாக மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டு கெடு தந்தது. விதிகள் வந்தது 2017இல். கெடு 2022இல் முடிந்துவிட்டது. விதிகளில் சொன்ன அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது செல்லாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே சாய்தளம் கேட்பது சலுகை கேட்பதல்ல.

அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நுரையீரல் நோய் அதில் இல்லை. கோலார் தங்கவயலின் முதன்மையான உடற்குறை சட்டத்தின் கண்ணுக்கே படவில்லை. சாய்தளத்தின் கணக்கையும் பாருங்கள்: ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடி உயரத் திண்டுக்கு முப்பத்தாறு அடி. சக்கர நாற்காலிக்கு அது நல்ல வழி. மூச்சு வாங்குகிறவருக்கு அது நிழலில்லாத நீண்ட ஏற்றம். எனவே சட்டம் கேட்பதற்கு மேல் சிலவற்றை நாங்கள் கேட்கிறோம். சாய்தளத்தின் நடுவில் உட்கார இடமும், மேலே நிழலும், நெடுகக் கைப்பிடியும் வேண்டும். பொதுமக்கள் வந்து போகும் எந்தப் பிரிவும் மாடியில் இருக்கக்கூடாது. மின்தூக்கி உண்டு என்பதைச் சாக்காகச் சொல்லக்கூடாது. சென்ற ஆண்டு எங்கள் உறுப்பினர் ஒருவர், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில், கெட்டுப்போன மின்தூக்கியின் முன் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மாடியில் இருந்த எழுத்தர் கீழே இறங்கி வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

முகப்பில் திண்ணை வேண்டும். அந்தக் காலத்தில் அகன்ற தாழ்வாரம் துரைமார் பங்களாவுக்கு மட்டும் இருந்தது; தொழிலாளி இருந்தது மூங்கில் தட்டி வீட்டில். இப்போது வருகிற கட்டடங்களில் தாழ்வாரம் எல்லோருக்கும் பொதுவாகட்டும். மதிய நேரத்தில் அங்கே வேலை செய்யும் இளைஞர்கள் டப்பாவைப் பிரிப்பார்கள். முதியவர்கள் தம் முறைக்குக் காத்திருப்பார்கள். இரண்டு தலைமுறையும் பேசிக்கொள்ள ஓர் இடம் தானாகக் கிடைக்கும். இதற்கென்று தனிக் கூடம் கட்ட வேண்டியதில்லை.

காது பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பாறை துளைக்கும் இயந்திரத்தைப் பல ஆண்டு பிடித்தவர்களுக்குக் காது பாதி போயிருக்கும். கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கூடத்தில் பேச்சு எதிரொலித்து அவர்களுக்குக் குழம்பிவிடுகிறது. எழுத்தர் கத்திச் சொல்கிறார். ஒருவருடைய ஓய்வூதியத் தொகையும், நோயும், வழக்கும் கூடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அது பெரியவரின் மானம் தொடர்பானது. பக்கத்தில் கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கும் அந்தக் கூச்சலில் கவனம் நிற்பதில்லை. கூரையின் கீழும் சுவரிலும் தேங்காய்நார்ப் பலகை பதித்தால் எதிரொலி அடங்கும். கூடத்தின் ஓரத்தில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேச மூன்று பக்கம் மறைத்த சிறு அறை ஒன்று இருந்தால் கத்தவே தேவையில்லை. பலகைகளில் கன்னடம் முதலில் இருக்கட்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் முதியவர்கள் பலர் தமிழ்ப் பள்ளியில் மட்டும் படித்தவர்கள். தமிழிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தால், பேரப்பிள்ளையைப் படிப்பை விட்டுவிட்டுத் துணைக்கு அழைத்து வரவேண்டியிருக்காது.

வெளிச்சமும் அப்படித்தான். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்காகக் கூடம் முழுவதும் வெள்ளை விளக்கைக் கொட்டினால் கணினித் திரை பார்க்கிற இளையவருக்குக் கண் கூசும். மேசைக்கு ஒரு சிறு விளக்கு, விண்ணப்பம் நிரப்பும் பலகையின் மேல் ஒரு விளக்கு, இரண்டையும் அவரவரே கூட்டிக் குறைக்கும் வசதி என்று வைத்தால் இருவருக்கும் சரியாகும்.

நடுத்தலைமுறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்து முதல் அறுபது வரையிலானவர்கள் தகப்பனை மருத்துவமனைக்கும் பிள்ளையைக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டு வேலைக்கு வருகிறவர்கள். முழங்காலும் இடுப்பும் அவர்களுக்கு இப்போதுதான் வலிக்கத் தொடங்கியிருக்கும். சொன்னால் வேலை போய்விடுமோ என்று சொல்லமாட்டார்கள். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007இல் டிங்கோல்ஃபிங் ஆலையில் ஒரு சோதனை செய்தது. தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆனால் ஆலை எப்படி ஓடும் என்று பார்க்க, அதே சராசரி வயதில் ஒரு பிரிவை அமைத்து, என்ன மாற்றம் வேண்டும் என்று அவர்களையே கேட்டது. மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்துத் திரை என்று சுமார் 70 சிறு மாற்றங்கள் வந்தன. ஓராண்டில் உற்பத்தி 7 விழுக்காடு கூடியது. செலவு அற்பம். வேலை செய்கிறவரின் வாயிலிருந்து வந்த யோசனைகள் என்பதால்தான் அது பலித்தது என்று நாங்கள் நம்புகிறோம். இயந்திரம் செய்கிற ஊர் எங்கள் ஊர். இந்த முறை எங்கள் ஆட்களுக்கு உடனே புரியும்.

இளையவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். வண்ண நாற்காலி, விளையாட்டு மேசை என்று பெங்களூர் அலுவலகப் படங்களில் பார்ப்பதைக் கேட்பார்களோ என்று எதிர்பார்த்தோம். எங்கள் கூட்டத்தில் அவர்கள் கேட்டது சுத்தமான கழிப்பறை, குடிநீர், தலைசாய்க்க ஓர் இடம். ஊரிகத்தில் விடியலில் ரயிலேறி, பெங்களூர் போய், இரவில் திரும்புகிறவர்கள் வேறென்ன கேட்பார்கள்? கொரோனா ஊரடங்குக் காலத்தில் அவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். ஒன்றிரண்டு அறைகள் கொண்ட லைன் வீட்டில் பேத்தி கணினியில் கூட்டத்தில் இருக்கும்போது, இருமல் கேட்டுவிடக்கூடாது என்று தாத்தா வெயிலில் போய் வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டு பேருமே அதற்காக இன்றும் வருந்துகிறார்கள். ஊரிகம் ரயில் நிலையத்தை ஒட்டிப் பூட்டிக்கிடக்கும் கட்டடம் ஒன்றைப் பொதுப் பணிக்கூடமாகத் திறந்து, நம்பகமான இணையமும் மின்சாரமும் தந்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இந்தப் பிள்ளைகள் ரயிலேற வேண்டியிருக்காது. பெங்களூர் நிறுவனங்கள் இதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கிறோம்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் சொன்னது. சிறு அலுவலகங்கள் சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். அதைக் கீழ்த்தளத்தில், திண்ணையை ஒட்டி வையுங்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் வரலாம் என்று அனுமதியுங்கள்.

முதியவர்களுக்கென்று தனிக் கட்டடம், தனி வாசல், தனி வரிசை என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பிரித்து வைத்த இடத்துக்குப் பிறகு வெள்ளையடிக்கக்கூடப் பணம் ஒதுக்கமாட்டார்கள். எல்லோரும் புழங்கும் வாசலே பழுதுபார்க்கப்படும் வாசல்.

மாவட்ட நிர்வாகத்துக்கும், நகரசபைக்கும், இங்கே கிளை திறக்க நினைக்கும் நிறுவனங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். கட்டட வரைபடத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நாள் காலையில் ஊரிகம் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். சுரங்கத்தில் முப்பது ஆண்டு வேலை செய்த பெரியவர் ஒருவர் உங்களோடு நடந்து வருவார். நிலையத்திலிருந்து உங்கள் கட்டடத்தின் கடைசி மேசை வரை அவரோடு அவர் வேகத்திலேயே நடங்கள். மூச்சு வாங்கி அவர் எங்கெல்லாம் நிற்கிறாரோ, அங்கெல்லாம் வரைபடத்தில் ஓர் இருக்கையைக் குறியுங்கள்.