சொல்லுக்குப் பஞ்சமில்லை

"தமிழில் இதையெல்லாம் சொல்ல வராது" என்ற பேச்சு சென்னையில் யாரும் மறுக்காத உண்மைபோல் ஆகிவிட்டது. அடையாற்றில் மனநல ஆலோசகரைத் தேடிப் போகும் இளைஞர் அதைச் சொல்கிறார். தி. நகரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரும் புதுமணப்பெண் அதை நம்புகிறாள். மயிலாப்பூர் அடுக்ககங்களில் பெற்றோரே தம் பிள்ளை கோபத்தை ஆங்கிலத்தில் சொன்னால் பக்குவம் என்றும், தமிழில் சொன்னால் அடம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். டாக்ஸிக், ட்ரிகர், பவுண்டரி, கேஸ்லைட்டிங், ஸ்பேஸ் முதலிய சொற்கள் கைவசம் இருந்தால்தான் உறவுச் சிக்கலைப் பேச முடியுமாம். இந்த நம்பிக்கை தவறு. நம் வீடுகளில் உண்மையில் எது குறைவு என்பதையும் அது மறைத்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். நெடுநாள் தனியாகப் புழுங்கிய பெண்ணுக்கு, தனக்கு நேர்ந்ததற்கு உலகில் ஒரு பெயர் உண்டு என்று தெரிவதே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால், கேஸ்லைட்டிங் என்ற சொல் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ஒரு நாடகம். மனைவியின் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கும் கணவனின் கதை. மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்தச் சொல்லை ஆண்டின் சொல்லாக அறிவித்தது 2022-இல்தான். முதலில் வந்தது கதை. சாதாரண வார்த்தைகளில் அந்தக் கொடுமை மேடையில் சொல்லப்பட்டது. நாடகத்தின் பெயர் பிறகு அந்தக் கொடுமைக்கு ஒட்டிக்கொண்டது. "நான் சொன்னதைச் சொல்லவே இல்லைங்கிறார், கடைசியில எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுது" என்று ஒரு பெண் சொன்னால் அதில் எது விடுபட்டுப்போனது? யார், என்ன செய்தார், அதனால் இவளுக்கு என்ன ஆயிற்று என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஒற்றைச் சொல்லில் இவை இல்லை. "நீ டாக்ஸிக்" என்றதும் எதிரே இருப்பவர் செய்த செயல் மறைந்து, அவரே குற்றமாகிவிடுகிறார். அதற்குமேல் பேச்சு ஏது?

மனத்தை அலசத் தமிழ் போதாது என்பவர்கள் ஆர். சூடாமணியைப் படிக்கட்டும். 1931 முதல் 2010 வரை வாழ்ந்த இந்தச் சென்னை எழுத்தாளர் ஆங்கிலத்திலும் கதை எழுதியவர். ஆங்கிலம் தெரிந்தும், தாய்க்கும் மகளுக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஓடும் மிக நுண்ணிய விலகல்களைத் தமிழிலேயே எழுதிக் குவித்தார். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் குடிநீர்ப் பஞ்சத்துச் சென்னையில் இரண்டு சகோதரிகள் மோதிக்கொள்வதும் ஒட்டிக்கொள்வதும் தெருவில் பேசும் தமிழில்தான். பேச்சுவழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதங்கம் வேறு, மனத்தாங்கல் வேறு, மனக்கசப்பு வேறு. சொல்லிக்காட்டுவதும் குத்திக்காட்டுவதும் ஒன்றல்ல. ஜாடை பேசுவது, முகம் கொடுத்துப் பேசாதது, எடுத்தெறிந்து பேசுவது, வீம்பு பிடிப்பது என்று சண்டையின் ஒவ்வொரு அசைவையும் நம் வீட்டுப் பெண்கள் பிரித்துச் சொல்வார்கள்.

அப்படியானால் ஆங்கிலத்தில் சொல்வது ஏன் சுலபமாக இருக்கிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, அது நம்மைக் குறைவாகச் சுடுகிறது. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. சிறு வயதில் பெற்றோர் திட்டும் தொடர்களைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்கள் தோலில் பதிவான உணர்ச்சிச் சலனம், ஆங்கிலத்தில் கேட்டபோது பதிவானதைவிட அதிகம். பட்ட வலியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க அந்தத் தொலைவு உதவலாம். ஆனால் காயம் தமிழில்தான் பட்டது. அது ஆறவேண்டிய இடமும் அங்கேதான்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. அப்பாவிடம், மாமியாரிடம், மூத்த மைத்துனரிடம் படிநிலையைத் தொடாமல் அதில் பேசிவிட்டு நழுவிவிடலாம். அதையே தமிழில், "அத்தை, நீங்க நேத்து பேசினது எனக்கு ரொம்ப வலிச்சுது" என்று மருமகள் சொன்னால் என்ன பதில் வரும்? "யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" சொல் இல்லாமலா அவள் ஊமையானாள்? வாயாடி, அடங்காதவள், எதிர்த்துப் பேசுகிறவள் என்று அவளை அடக்க ஆயிரம் சொற்களை வைத்திருக்கும் வீட்டில், வாய்திறக்கும் உரிமை அவளுக்கு இல்லாமல் போயிற்று. அந்த உரிமையைக் கேட்டு வாங்கத் துணியாத நாம், பழியைத் தூக்கி மொழியின் தலையில் போட்டுவிட்டோம்.

இதனால் நேரும் அநியாயம் பெரிது. வீட்டின் சண்டை ஆங்கிலத்துக்குக் குடிபெயர்ந்தால், ஆங்கிலம் தெரியாத அம்மா தன் சொந்த மகளோடு நடக்கும் வழக்கிலேயே வாயற்றவள் ஆகிறாள். அதே வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் துயரம் துயரமாகவே எண்ணப்படுவதில்லை.

அவமானப்படுத்தப்படுவதன் வலியைத் தமிழ் அறியாததா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது இளிவு, பிறர் இகழ எளியவராவது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இழித்துரைப்பதை, ஏளனம் செய்வதை, குழந்தை இல்லையென்று சொல்லிக் குத்துவதை வன்முறை என்றே வரையறுக்கிறது. நூலும் உண்டு, சட்டமும் உண்டு. அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்லத் தமிழே போதும்.

ஆகவே மாறவேண்டியவை வேறு. சென்னையில் உளவியல் மேற்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழில் ஒரு மணி நேரம் குறுக்கிடாமல் கேட்கவும் திருப்பிக் கேள்வி கேட்கவும் தேர்ச்சி பெறாதவருக்குப் பட்டம் தரக்கூடாது. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் இந்த நகரத்தில் தொடங்கிய சிநேகா, தற்கொலை எண்ணத்தோடு வருபவரை இத்தனை ஆண்டுகளாகக் காதுகொடுத்துக் கேட்டு வருகிறது. 2022-இல் வந்த அரசு மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டிலும் அதுபோல் ஒரு காது வேண்டும். வயதில் மூத்தவர் என்பதற்காக யாரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகக்கூடாது. பிள்ளை "எனக்கு வலிச்சுது" என்றால், எதிர்த்துப் பேசுகிறான் என்று முத்திரை குத்தும் பழக்கத்தைப் பெரியவர்கள் விட்டொழிக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்கட்டும், வேலைக்காக, படிப்புக்காக, உலகத்துக்காக. ஆனால் பெற்றவரிடமும் கட்டியவரிடமும் மனம்விட்டுப் பேச இன்னொரு மொழியின் சீட்டு வாங்கவேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர்களிடம் சொல் இருக்கிறது. பெரியவர்களே, உட்கார்ந்து கேளுங்கள்.