‘நாட்டார் பாடல்’ எண்டு சொல்லித் தப்பாதீங்க

மட்டக்களப்பில எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் போனாலும், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குப் போனாலும் ஒரு பாட்டு கட்டாயம் வரும்: ‘சின்ன மாமியே’. ஓர்கன்காரர் முதல் கட்டைய அமத்தினதுமே பின்வரிசைப் பொடியன்மார் கதிரையத் தள்ளிப்போட்டு எழும்பிருவாங்க. அம்மம்மாமாருக்கும் அது மனப்பாடம். அந்த நேரம் அறிவிப்பாளர் மைக்கைப் பிடிச்சு, நல்ல செந்தமிழில சொல்லுவார்: “அடுத்து வருவது ஒரு நாட்டார் பாடல்.” கொஞ்சம் இளம் அறிவிப்பாளர் எண்டா, “தமிழ்நாட்டு கானா” எண்டு முடிச்சிருவார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது.

நாட்டார் பாடல் எண்டா என்ன? கட்டினவர் யார் எண்டு தெரியாமல், தலைமுறை தலைமுறையா வாய்வழியா வந்து, போற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறின பாட்டு. ‘சின்ன மாமியே’ அப்படி வரேல்ல. அதுக்கு ஒரு ஆள் இருக்கார். பேர் நித்தி கனகரத்தினம். சொந்த ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். சொல்லும் அவரது, மெட்டும் அவரது, குரலும் அவரது. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ பாட்டும் அவர்தான். இங்கிலீசில ‘சிங்கர் சோங்ரைட்டர்’ எண்டு சொல்ற, தானே எழுதித் தானே பாடுற ஆளுக்கு எங்கட பக்கத்தில முதல் உதாரணம் தேடினா, கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டக்கூடிய மனிசன். அப்படி ஒரு ஆளை, அவர் பாட்டு உயிரோட ஆடிக்கொண்டு இருக்கேக்கயே, ‘பேர் தெரியாத முன்னோர்’ கூட்டத்தில சேர்க்கிறதுக்குப் பேர் என்ன?

இதில எங்களுக்கு, அதாவது வாவிக்கரை ஆக்களுக்கு, இன்னும் கூடுதலான வெட்கம் இருக்கோணும். ஏனெண்டா அந்தப் பாட்டு வாழ்க்கை தொடங்கினது யாழ்ப்பாணத்திலயும் இல்ல, கொழும்பிலயும் இல்ல. அம்பாறையில. ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில படிக்கிற காலத்தில, அறுபதுகளின் பிற்பகுதியில, சக மாணவர்களுக்கு முன்னால கிற்றாரோட பாடத் தொடங்கினவர் அவர். அம்பாறை 1961 வரைக்கும் மட்டக்களப்பு மாவட்டத்தோட சேர்ந்துதான் இருந்தது. வாவியின் தெற்கு முனையில இருந்து கொஞ்சம் உள்ளால போனா அந்த ஊர். கல்லோயாத் திட்டத்தோட வந்த ஊர். சிங்களமும் தமிழும் ஒரே விடுதியில, ஒரே சாப்பாட்டு மேசையில. அந்த மேசையில பைலா இல்லாமல் இருந்திருக்குமா? ஒரு உரும்பிராய்ப் பொடியன் ஊரில இருந்திருந்தா கையில கிற்றார் எடுத்திருப்பானோ எண்டது எனக்குச் சந்தேகம். வீட்டில மிருதங்கமோ வயலினோ வாங்கித் தந்து, சபாவில அரங்கேற்றம் வச்சிருப்பாங்க. பைலாவின் துள்ளலையும் யாழ்ப்பாணப் பேச்சையும் ஒண்டாப் போட்டுக் கிண்டினதுக்கு ஒரு தூரம் தேவைப்பட்டது. அந்தத் தூரத்தைக் குடுத்தது எங்கட கிழக்கு. அதைக்கூட நாங்க உரிமை கொண்டாடேல்ல. கல்லடிப் பாலத்துக்குக் கீழ மீன் பாடுது எண்டு உலகத்துக்கே சொல்லுவம். மனிசன் பாடினதைச் சொல்ல வாய் வராது.

அந்தப் பாட்டுகளைக் ‘கூத்தாட்டம்’ எண்டு ஒதுக்கின பெரியாக்களும் இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. ‘கள்ளுக்கடை’ பாட்டை ஒருக்கா உண்மையாக் கேட்டுப் பாருங்க. குடிக்காதே எண்டு கெஞ்சுற பாட்டு அது! எத்தனை மதுவிலக்கு மேடைப் பேச்சு செய்யாததைச் சிரிப்புக் காட்டிச் செய்த பாட்டு. குடிச்சுப்போட்டு ஆடுறவங்கதான் அதைக் கூடுதலாக் கேக்கிறாங்க எண்டது வேற கதை. அந்த முரணை எழுதினவர் தலையில கட்டேலாது.

அமெரிக்காவில ‘கன்ட்ரி’ எண்டொரு இசை இருக்கு. அந்தச் சொல்லும் ‘நாடு’, ‘கிராமம்’ எண்டுதான் பொருள் படும். பாடுறவங்களும் பண்ணையாக்கள், மலையாக்கள், லொறிக்காரங்க. பாட்டில வாறதும் அம்மா, குடி, கடன், விட்டிட்டுப் போன காதல். எங்கட பாட்டுக்கு அது ஒண்டுவிட்ட தம்பி மாதிரி. ஆனா ஒரு வித்தியாசம்: அங்க பாட்டுக்குப் பக்கத்தில எழுதினவர் பேர் நிக்கும். டொலி பார்ட்டன் 1946இல டென்னசி மலைப்பக்கத்தில பிறந்தா. 12 பிள்ளைகளில நாலாவது, ஒற்றை அறை வீடு. 1973இல அவ எழுதின ஒரு பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். எல்விஸ்! கனவு மாதிரி இருக்கும்தானே? ஆனா அவரின்ர முகாமையாளர் பாட்டின் வெளியீட்டு உரிமையில பாதி தரோணும் எண்டார். டொலி ஏலாது எண்டுட்டா. இரவு முழுக்க அழுததா அவவே பிறகு சொல்லியிருக்கா. 1992இல அதே பாட்டை விற்னி ஹூஸ்ரன் ‘த பொடிகார்ட்’ படத்தில பாட, உலகமே பாடினது. உரிமை முழுசா எழுதினவ கையில இருந்தது. ஒற்றை அறை வீட்டில பிறந்த பிள்ளைக்கு அந்தத் துணிவு தனிய வரேல்ல. பாட்டு ஒரு சொத்து, அதுக்கு உரிமையாளர் உண்டு எண்டு ஏற்றுக்கொண்ட ஊரில அவ வளர்ந்தா.

அமெரிக்காக்காரன் நேர்மையானவன் எண்டு சொல்ல வரேல்ல. கன்ட்ரி இசையின் பெரிய தெய்வம் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி முதலாந் திகதி, 29 வயசில செத்தார். அவருக்குச் சின்ன வயசில கிற்றாரும் பாட்டும் காட்டிக் குடுத்தவர் ரூபஸ் பெய்ன் எண்ட கறுப்பினத் தெருப்பாடகர். அவர் 1939இல ஏழையாச் செத்துப்போனார். மாணவர் பேருக்கு நூதனசாலை இருக்கு, ஆசிரியர் அடிக்குறிப்பு. யாருடைய பேர் எழுதப்படும், யார் ‘மரபு’ ஆவார் எண்டதைச் சந்தையும் நிறமும் சேர்ந்து தீர்மானிக்கும். தென்னாபிரிக்காவில சொலமன் லிண்டா 1939இல பதிவு செய்த ‘ம்பூபே’ பாட்டுக்கு நடந்ததும் அதுதான். உரிமையை பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கினாங்க. அமெரிக்காவில அதை ஆபிரிக்க நாட்டார் பாட்டு எண்டு நினைச்சுப் பாடினாங்க. மறுகா சொல் மாறி, சிங்கம் தூங்குற பாட்டாகி, 1994இல ‘லயன் கிங்’ வரைக்கும் போனது. லிண்டா 1962இலயே போய்ச் சேர்ந்திட்டார். குடும்பம் வழக்குப் போட்டு ஒரு இணக்கம் கிடைச்சது 2006இல. ‘நாட்டார் பாடல்’ எண்ட சொல் எவ்வளவு வசதியான சொல் எண்டு இப்ப விளங்குதா? அன்பாச் சொல்ற மாதிரி இருக்கும். பொக்கற்றில கை இருக்கும்.

எங்கட கதையில சென்னைக்கு ஒரு இடம் இருக்கு. சிலோன் மனோகரனை எடுங்க. ‘சுராங்கனி’யை இந்த மண்ணில இருந்து கடல் கடத்தினவர். 1977இல ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில இளையராஜா இசையில ‘சுராங்கனி’ வந்தது. அண்டைக்கே எங்கட ஆக்கள் ‘எங்கட பாட்டு அவங்கட படத்தில வந்திட்டு’ எண்டு பெருமைப்பட்டிருப்பாங்க, இப்பவும் படுறாங்க. இண்டைக்குத் தமிழ்நாட்டில பத்துப் பேரைக் கேளுங்க, எத்தனை பேர் அது இலங்கைப் பாட்டு எண்டு சொல்லுவாங்க? மனோகரன் அங்கயே போய், படங்களில வில்லனாவும் நடிச்சு, 2018 ஜனவரியில சென்னையில காலமானார். சினிமா எடுத்தா அது அங்கீகாரம், எடுக்காட்டி அது வெறும் ஊர்ப்பாட்டு. இந்த அளவுகோலை யாரும் எங்கட கையில திணிக்கேல்ல, நாங்களே வாங்கி வச்சிருக்கம்.

இதைச் சொன்னா உடன ஒரு மறுப்பு வரும், எனக்கும் நேரில வந்தது: “பொப் பாட்டே பைலாவில இருந்து எடுத்ததுதானே, மச்சான். அவங்களும் களவெடுத்தவங்கதானே.” சரி, இதை நேரா எடுப்பம். தாளம் எடுக்கிறது வேற, பாட்டை எடுக்கிறது வேற. ஆறெட்டுத் தாளத்துக்கு யாரும் உறுதி எழுதி வச்சிருக்கேல்ல. அந்தத் தாளத்தில நீ என்ன சொன்னாய் எண்டதுதான் உன்ர பாட்டு. ஆனா அந்த மறுப்பில ஒரு உண்மை ஒளிஞ்சிருக்கு. அது எங்களுக்கு வசதியான உண்மை இல்ல. பைலாவுக்கும் முந்தின ‘கஃபிரிஞ்ஞா’ எங்க இன்னும் உயிரோட இருக்கு? இங்கதான். போர்த்துக்கேயர் 1628இல மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டி, 1638இல ஒல்லாந்தரிட்டத் தோத்துப் போனாங்க. அவங்கட மொழியும் ஆட்டமும் எங்கட பறங்கியர் வீடுகளில தங்கிட்டுது. கலியாணத்தில வயலினோட சோடி சோடியா ஆடுற அந்த ஆட்டத்தை நீங்க எத்தனை பேர் பாத்திருக்கீங்க? தச்சு வேலை, இரும்பு வேலைக்கு அவங்களத் தேடிப் போவம். அவங்கட மொழியைக் கேட்டாச் சிரிப்பம். 2004 சுனாமி டச்பார்ப் பக்கத்தில அந்தச் சமூகத்தையே உலுக்கிட்டுப் போனது. அந்த மொழியில பாட்டுத் தெரிஞ்ச வயசானவங்க ஒவ்வொருத்தராக் குறையிறாங்க. ஐரோப்பாவில இருந்து ஆய்வாளர் வந்து பதிவு செய்றாங்க. திருமலை வீதியில நிண்டு நாங்க ‘தனித்துவம்’ எண்டு கவிதை வாசிக்கிறம். நித்தியின் பேரைச் சொல்லோணும் எண்டு கத்துறவன், தாளம் தந்த வீட்டின் பேரையும் சொல்லத்தான் வேணும். ரெண்டும் ஒரே கடன்.

இன்னொரு மறுப்பு பண்டிதர் பக்கத்தில இருந்து வரும்: “எங்கட மரபில பாட்டு ஊருக்குச் சொந்தம்.” வயல் வெளியில ஒருத்தர் கவி படிக்க, மற்றக் கரையில இருந்து ஒருத்தி எதிர்க்கவி படிக்கிற ஊர்தான் இது, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கவியை மாறி மாறிப் படிச்ச ஊர். வீ.சீ. கந்தையா 1964இல ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினபோது அந்தச் செல்வத்தை அள்ளி வச்சார். அது ஊருக்குச் சொந்தம், மறுக்கேல்ல. ஆனா ஊருக்குச் சொந்தம் எண்டு சொன்ன அந்த ஊர், கவி படிச்ச அந்தப் பொம்பிளையின் பேரை எழுதி வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அண்டைக்குக் கொப்பியும் இல்ல, ஒலிப்பதிவும் இல்ல. இண்டைக்கு எல்லாம் கையில இருக்கு. இருந்தும் பேரை விடுறம். விபுலானந்தருக்குச் சிலை வச்சிருக்கம், நல்லது. தொலைஞ்சு போன ஒரு யாழுக்கு எப்பிடிச் சுருதி கூட்டினாங்க எண்டு தேடி, வருசக்கணக்கா உழைச்சு, 1947இல யாழ்நூலைத் தந்த மனிசன் அவர். அந்தச் சிலைக்கு மாலை போடுற நாங்க, நேற்று இரவு ஆடின பாட்டு யாருடையது எண்டு ஒரு நிமிசம் தேடிப் பாக்க மாட்டம்.

இதெல்லாம் பழைய ஆக்களுக்கான நீதி மட்டும் எண்டு நினைச்சா, உங்கட பக்கத்து வீட்டைப் பாருங்க. களுவாஞ்சிக்குடியிலயும் வாழைச்சேனையிலயும் காத்தான்குடியிலயும் படுக்கையறையில மைக் வச்சு, மெத்தையைச் சுவரில சாத்திச் சத்தத்தை அடக்கி, தானே எழுதித் தானே பாடுற பிள்ளையள் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி பாட்டு எழுதி யூடியூபில போட்டா. மூண்டு மாதத்தில ஒரு கலியாண வீடியோக்காரர் அதை எடுத்து அல்பத்துக்குப் பின்னால ஓட விட்டார். கேட்டதுக்கு, “புள்ள, உங்கட பாட்டு பேமஸ் ஆகுதுதானே, சந்தோசப்படுங்க” எண்டாராம். ஒரு விழாவுக்கு அவவைக் கூப்பிட்ட ஏற்பாட்டாளர்கள், “சொந்தப் பாட்டு வேணாம், சனத்துக்குத் தெரிஞ்ச சினிமாப் பாட்டு ரெண்டு பாடுங்க” எண்டாங்க. அதே மேடைக்கு இந்தியத் தொலைக்காட்சிப் போட்டியில பாடின ஒருத்தருக்கு விமானச் சீட்டு, ஹோட்டல், லட்சக்கணக்கில காசு. தங்கச்சிக்குப் பொன்னாடை. அந்தப் பொன்னாடையை அவ தையல்கடையில குடுத்து மேசைத்துணி ஆக்கிட்டா. எனக்கு அதில ஒள்ளுப்பமும் கவலை இல்ல.

சட்டம் இல்லாமல் இல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. பாட்டு எழுதின கணத்திலயே உரிமை வந்திரும், எங்கயும் பதியத் தேவையில்ல. எழுதினவர் உயிரோட இருக்கும் வரைக்கும், அதுக்குப் பிறகு 70 வருசத்துக்கும் அது நிக்கும். தன்ர படைப்போட தன்ர பேர் வரோணும் எண்டு கேக்கிற உரிமையும் அதிலயே இருக்கு. ஆனா எங்கட ஊரில ஒரு பாட்டுக்காக யார் கோடு ஏறப் போறாங்க? சட்டத்தரணிக்குக் குடுக்கிற காசில புதுக் கிற்றார் வாங்கலாம். அதனால நான் கேக்கிறது சட்டத்திட்ட இல்ல, எங்களிட்ட. பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைக்கு ‘நாட்டார் பாடல்’ பழக்கிற ரீச்சர், அதுக்கு ஆள் இருக்கா எண்டு முதல்ல தேடட்டும். கவர் பாட்டுப் போடுற தம்பிமார் கமராவின் பேரைக்கூட விவரத்தில எழுதுறீங்க, எழுதினவர் பேரைப் போட இடம் இல்லையா? உள்ளூர்ப் பாடகருக்குச் சொந்தப் பாட்டு ஒண்டாவது பாட நேரம் குடுக்காத மேடைக்கு நாங்க போகாமல் விடலாம். போனா எழும்பி நிண்டு கேக்கலாம்.

அடுத்த முறை அறிவிப்பாளர் “ஒரு நாட்டார் பாடல்” எண்டு தொடங்கேக்க, முன்வரிசையில இருந்து யாராவது பலமாச் சொல்லுங்க: “அண்ணன், அது நித்தி கனகரத்தினம்.” அவருக்குக் கேட்டிரும். மறுகா ஆடுங்க.