உடனிருந்தவருக்கும் ஒரு கடற்கரை

நோயிலிருந்து மீண்டவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள், அவருக்காக இரவெல்லாம் விழித்திருந்தவரின் களைப்பை எண்ணுவதில்லை. அங்கும் அவரே மாத்திரை வேளைகளைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பார். இது முறையன்று.

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குரிய மெனோர்கா தீவையே எடுத்துக்கொள்வோம். யுனெஸ்கோ 1993ஆம் ஆண்டில் இதனை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அண்டைத் தீவுகளின் ஆரவாரம் இங்குக் குறைவு. படங்களில் நாம் காணும் மக்கரெல்யா போன்ற சிறு குடாக்களுக்கோ பைன் மரங்களினூடே கரடுமுரடான பாதையில் நடக்கவேண்டும். உடல் தேறாதவரை அங்கு இட்டுச்செல்வது அன்பாகாது. வாகனத்திலேயே அருகில் சென்று சேரத்தக்க சொன் போ என்னும் நீண்ட மணற்கரை போதும். செப்டம்பர் இறுதியில் கூட்டம் தணிந்துவிடும். கடல்நீரின் வெதுவெதுப்பு தணியாது.

தீவைச் சுற்றி 185 கிலோமீட்டர் நீளும் 'காமி தெ கவால்ஸ்' என்ற பழைய குதிரைப்பாதையும் அவ்வழியே செல்கிறது. உறவினர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால், அவர் நோயாளியின் அருகில் நிழலில் அமர்ந்திருக்க, பணிவிடை செய்தவர் அப்பாதையில் ஒரு மணி நேரம் தனியே நடந்து வரலாம். அந்த மூன்றாமவரின் பயணச் செலவு வீண் என்று சிலர் கூறுவர். எனக்கோ அதுவே முதற்செலவாகத் தோன்றுகிறது.

மாஹோன் துறைமுகத்தின் நடுவே, 1711இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவமனை அமைத்த சிறுதீவு ஒன்றும் உண்டு. 1964இல் கைவிடப்பட்ட அதனைத் தன்னார்வலர்கள் மீட்டெடுத்து வருகின்றனர். படகில் சென்று காணலாம்.

பயணத்திற்கு மருத்துவரின் இசைவு கேட்கச் செல்லும் நாளில், உடன் செல்பவர் தம் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளட்டும்.