டிசம்பரில் வெள்ளம், மே மாதத்தில் வெறும் மணல்: சங்கராபரணித் தண்ணீர் எங்கே போகுது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் மயிலத்தில் கொட்டியது சுமார் 50 செ.மீ. மழை. வீடூர் அணை நிரம்பித் திறக்கப்பட, சங்கராபரணி கரைபுரண்டது. கோடையில் வானூர் பக்கம் போனால் அதே ஆறு வெறும் மணல்தான். தண்ணீரே இல்லாத ஆறா இது? இல்லை. வந்த தண்ணீரை நிறுத்திவைக்க இடம் விடாத ஆறு.

எங்கிருந்து எங்கே?

செஞ்சி ஆறு, வராக நதி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் தொடங்கி, வீடூரில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, வானூர் வட்டத்தில் கல்மரப் பூங்கா இருக்கும் திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாகக் கடலுக்குப் போகிறது. மொத்தமே சுமார் 80 கி.மீ.தான்.

அணை இருக்கே, போதாதா?

1959-இல் கட்டி முடித்த வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அதாவது 0.6 டிஎம்சி. மேட்டூரோ 93.47 டிஎம்சி. விநாடிக்கு 10,000 கன அடி வந்தால், காலியாக இருக்கும் வீடூர்கூட 17 மணி நேரத்தில் நிரம்பிடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் கடலுக்குத்தான்.

ஜப்பான் என்ன செய்தது?

டோக்கியோவுக்குக் குடிநீர் தரும் தோனே ஆறு 322 கி.மீ. நீளம். அதன் வெள்ளத்தைத் தாங்க வதராசே என்ற இடத்தில் 33 சதுர கி.மீ. தாழ்நிலத்தை ஒதுக்கினார்கள். வெள்ளம் வந்தால் அங்கே நிற்கும். ஆனால் அதற்காக யனாகா என்ற கிராமத்தையே காலி செய்தார்கள். அந்தத் தப்பு இங்கே வேண்டாம். வேண்டியதும் இல்லை, இங்கே ஏற்கெனவே ஏரிகள் இருக்கின்றன.

வானூர் பக்கம் என்ன செய்யலாம்?

ஊசுட்டேரியையே பாருங்கள். சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. ஏரியின் ஒரு பகுதி வானூர் வட்டத்தில், மறுபகுதி புதுச்சேரியில். தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாகப் புதுச்சேரி 2008-இல் அறிவித்தது, தமிழ்நாடு 2015-இல்தான். ஒரே ஏரிக்கு ஏழு வருஷ இடைவெளியில் இரண்டு அறிவிப்பு! பறவைக்கு எல்லை தெரியாது, தண்ணீருக்கும் தெரியாது.

புது அணை கேட்பதைவிட, மழைக்கு முன்பே வரத்து வாய்க்கால்களைத் தூர்வாருவதும், ஆக்கிரமிப்பை எடுப்பதும், ஆற்று மணலைக் காப்பதும்தான் முதல் வேலை. மணல் இருந்தால்தான் வெள்ளம் மண்ணுக்குள் இறங்கும், கிணறு ஊறும். கடலோரத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் உப்புநீர் உள்ளே வரும். அதற்குப் பிறகு எவ்வளவு ஆழத்துக்கு போர் போட்டாலும் பயிருக்கு உதவாது.

இதையெல்லாம் இரண்டு அரசுகளும் தனித்தனியாகச் செய்தால் பாதிதான் பலன். எவ்வளவு தண்ணீர் வந்தது, எந்த ஏரிக்குப் போனது என்று ஒரே கணக்கு வேண்டும். அடுத்த புயல் எப்படியும் வரும். அப்போது வரும் தண்ணீர் மே மாதம் வரை வானூரில் தங்குமா என்பதை, செப்டம்பரில் வாய்க்காலில் இறங்கும் மண்வெட்டிதான் முடிவு செய்யும்.