நாய்க்குட்டி வாங்குமுன் வீட்டை அளப்போம்

கடன் மனு ஒன்று மேசைக்கு வந்தால், வங்கியில் நாம் முதலில் பார்ப்பது மனுதாரர் வாங்க விரும்பும் பொருளின் அழகையன்று. அவருடைய திருப்பிச் செலுத்தும் திறனையே. நாய் வளர்க்க விரும்பும் குடும்பங்களோ பல வேளைகளில் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. குட்டியின் முகத்தைக் கண்டு இனத்தை முடிவு செய்துவிட்டு, வீட்டு நிலையைப் பிறகு எண்ணிப் பார்க்கின்றன. ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடும். வாகனக் கடனின் தவணைக் காலத்தைவிட நீண்ட இப்பொறுப்பை வீட்டின் இயல்பை அளந்த பிறகே ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஸ்ரீரங்கப்பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்த இத்தீவில், ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள் கொண்ட தெருக்கள் உண்டு. சற்று வெளியே சென்றால் நெல்லும் கரும்பும் விளையும் வயல்களையும் தோட்ட வீடுகளையும் காணலாம். காலையில் மைசூருவுக்கோ பெங்களூருவுக்கோ வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்புவோர் உண்டு; பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியோர் இருவர் மட்டுமே வாழும் இல்லங்களும் உண்டு. ஓர் ஊருக்குள்ளேயே இத்தனை வகை வீடுகள் இருக்க, எல்லோருக்கும் ஏற்ற நாய் என்று ஒன்றைச் சொல்ல இயலுமா?

கர்நாடகத்தின் பெருமைக்குரியது பாகல்கோட்டை மாவட்டத்து முதோள் நாய். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் முதோளும் நம் இராஜபாளையமும் இடம்பெற்றன. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் நாட்டு நாய்கள் பேசப்பட்டன. இப்புகழ் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் முதோளும் சிப்பிப்பாறையும் கண்ணால் இரையைக் கண்டு விரட்டிப் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்டவை. நாள்தோறும் ஓட இடமும், உடன் நடக்க ஆளும் வேண்டும். வேலியிட்ட தோட்ட வீட்டுக்கு மிகவும் பொருந்தும். இரண்டு அறை வீட்டில் பகலெல்லாம் பூட்டி வைத்தால் அந்நாய்க்கும் துன்பம், வீட்டாருக்கும் துன்பம். அருகில் 1940 முதல் சரணாலயமாக விளங்கும் ரங்கனதிட்டு இருக்கிறது. விரட்டும் இயல்புடைய நாயை ஆற்றங்கரையில் கயிறின்றி விடுவது அங்குள்ள பறவைகளுக்கும் கேடாகும்.

இராஜபாளையம் தன் வீட்டாரிடம் பற்றும் அயலாரிடம் ஐயமும் மிகுந்தது. விருந்தினர் ஓயாது வந்து போகும் வீட்டுக்கும், முதன்முறையாக நாய் வளர்ப்போருக்கும் அது எளிதன்று. வெண்ணிற இனமாதலால் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவையாக இருப்பதுண்டு. வாங்குமுன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்ப்பது நலம்.

அயல்நாட்டு இனங்களுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். சைபீரியக் குளிருக்கென அடர்ந்த இரட்டை ரோமம் பெற்ற ஹஸ்கி, நம் ஏப்ரல் வெயிலில் என்ன பாடுபடும்? தட்டை முகம் கொண்ட பக் உருவில் சிறியதாயினும் வெப்பத்தில் மூச்சுத் திணறக்கூடியது. லாப்ரடார் குழந்தைகளோடு இணங்கிப் பழகும். ஆனால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் இல்லாவிடில் விரைவில் பருத்து மூட்டு நோவுக்கு ஆளாகும். முதியோர் இருவர் வாழும் இல்லத்தில், கயிற்றை இழுத்து ஓடும் பெரிய நாயைப் பிடித்து நிறுத்துவது யார் என்பதையும் எண்ண வேண்டும்.

விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. நம் தெருவில் பிறக்கும் நாட்டு நாய்க்குட்டி இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. எளிய உணவில் வளரும். தடுப்பூசியும் கருத்தடைச் சிகிச்சையும் செய்து, சிறு வயதிலிருந்தே பழக்கினால் பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்ல துணையாகும்.

வாங்கும் விலை முதல் தவணை மட்டுமே. உணவு, ஆண்டுதோறும் தடுப்பூசி, மருத்துவம், வெளியூர் செல்லும்போது பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று செலவு தொடரும். இவற்றுள் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை எவ்வகையிலும் தவிர்க்கலாகாது. நாய்களால் பரவும் அந்நோயை 2030-க்குள் ஒழிக்க நாடு இலக்கு வகுத்துள்ளது. வளர்ப்போர் ஒத்துழைக்காமல் அது நிறைவேறாது.

“காவலுக்குத்தானே, கட்டிப்போட்டால் போதும்” என்போர் உண்டு. இடைவிடாது சங்கிலியில் கிடக்கும் நாய் எரிச்சலும் அச்சமும் கொண்டதாக மாறும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அவ்வாறு கட்டி வைப்பதையும், பட்டினியால் துன்புற நேரும் வகையில் கைவிடுவதையும் குற்றமாகவே கருதுகிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளின்படி, விற்பனைக்காக வளர்ப்போர் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. குட்டியின் வயதையும் விற்பவரின் பதிவையும் கேட்பது வாங்குவோரின் உரிமை.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை எனக் கருதித் தடை செய்யுமாறு சுற்றறிக்கை விடுத்தது. தொடர்புடைய தரப்பினரைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதனை ரத்து செய்தது. எவ்வினத்தை அனுமதிக்கலாம் என்னும் விவாதம் தொடரட்டும். எந்த இனமாயினும், பொருந்தாத வீட்டில், பழக்குவார் இன்றி வளர்ந்தால் இடருக்கு வழியுண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே குட்டியைப் பார்க்கச் செல்லுமுன் குடும்பத்தார் ஒன்றுகூடி மூன்று வினாக்களுக்கு விடை காணட்டும். நாள்தோறும் காலையும் மாலையும் நடத்திச் செல்லப்போவது யார்? பகலில் அது எத்தனை மணி நேரம் தனித்திருக்கும்? பத்தாண்டுகளுக்குப் பிறகு, பிள்ளைகள் மேற்படிப்புக்குச் சென்ற பின்னும் அதனைப் பேணுவார் யார்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால், ஏற்ற இனம் எதுவெனக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மகிழ்ச்சியுடன் வாங்கலாம். கிடைக்காவிடில் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருப்பதே நேர்மையான முடிவு. அதுவரை, அண்டை வீட்டாருடன் சேர்ந்து தெரு நாய் ஒன்றுக்கு உணவும் தடுப்பூசியும் அளித்து வரலாம். நாயோடு வாழப் பழகும் வாய்ப்பு நம் குழந்தைகளுக்கு அதிலேயே கிட்டிவிடும்.